மாணவர்களுக்குப் பின்னால் நடக்கப் போகிறவர்களுக்கு

பழனி மலைத்தொடரின் சரிவில் மாணவர் தலைமைப் பயிற்சிக்காக நாங்கள் வழக்கமாகப் போகும் தடம் ஓர் இடத்தில் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஓடையை ஒட்டி இறங்குவதுதான் சரியான வழி. வலது பக்கம் போவது அகலமாக, நன்றாக மிதிபட்டு, பார்த்தவுடன் இதுதான் என்று தோன்றும்படி இருக்கும், ஆனால் அரை மணி நேரத்தில் ஒரு காப்பித் தோட்டத்து வேலியில் போய் முட்டி நின்றுவிடும். அன்றைக்குத் தலைமை ஏற்றிருந்த இரண்டாமாண்டு மாணவி வரைபடத்தை எடுக்காமலே வலது பக்கம் திரும்பினாள். பின்னால் வந்த பதினோரு பேரும் பேசிக்கொண்டே திரும்பினார்கள். கூட வந்த உள்ளூர் வழிகாட்டி அண்ணன் என்னைப் பார்த்தார். "சொல்லிரட்டுமா தம்பி?" என்றார் மெதுவாக. வேண்டாம் என்று தலையாட்டினேன். நானும் அவரும் கடைசி ஆளுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நடந்தோம்.

இருபது நிமிடம் போனபின் அவள் நின்றாள். "ஓடைச் சத்தம் எங்க? இடது பக்கம் கேக்கணும்ல?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். பையைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் வரைபடத்தை விரித்து, திசைகாட்டியை வைத்துப் பார்த்தாள். எழுந்து, "நான்தான் தப்பா கூட்டிட்டு வந்துட்டேன், திரும்பிப் போலாம்" என்றாள். மொத்தமாக முக்கால் மணி நேரம் போனது. அதற்குப் பிறகு அந்தப் பயணம் முடியும்வரை, அவள் தலைமையில் இல்லாத நாளில்கூட, பிரிவு வந்தால் அவள் கை தானாக வரைபடத்துக்குப் போனது.

மாணவர் தலைமைப் பயிற்சிப் பயணத்துக்குத் தன்னார்வலராகப் போவதென்றால் இந்த இருபது நிமிடத்தைத் தாங்கப் பழகுவதுதான். சுற்றுலா வழிகாட்டியின் வேலை வேறு. அவர் எல்லாரையும் பத்திரமாக உச்சிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்புவார். இங்கே உச்சி முக்கியமே கிடையாது. பிள்ளைகள் தாங்களே முடிவெடுத்து, அதன் பலனைத் தாங்களே நடந்து பார்த்து, அடுத்த முடிவை இன்னும் நன்றாக எடுக்க வேண்டும். அதற்கு இடம் கொடுத்துக்கொண்டே யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

இந்த யோசனை புதிதல்ல. 1941-ல் வேல்ஸ் நாட்டு அபர்டோவியில் கர்ட் ஹான் என்ற கல்வியாளர் தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட், 1965-ல் அமெரிக்காவின் வயோமிங்கில் பால் பெட்ஸோல்ட் தொடங்கிய நோல்ஸ் என்ற இரண்டு வெளிப்புறப் பயிற்சிப் பள்ளிகளுமே இதைத்தான் செய்தன. ஒவ்வொரு நாளும் ஒரு மாணவர் தலைவர், பெரியவர்கள் பின்னால் என்ற ஏற்பாடு நோல்ஸ் பயணங்களில் ரொம்ப நாளாக உண்டு. பிரிட்டனில் 1956-ல் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதுத் திட்டம் இந்தியாவில் ஐ.ஏ.ஒய்.பி. என்ற பெயரில் பல பள்ளிகளில் நடக்கிறது. 14 முதல் 24 வயதுக்காரர்களுக்கானது. அதில் வெண்கலத்துக்கு 2 பகல் 1 இரவு, வெள்ளிக்கு 3 பகல் 2 இரவு, தங்கத்துக்கு 4 பகல் 3 இரவு என்று பயணம் போக வேண்டும், 4 முதல் 7 பேர் கொண்ட குழுவாக, தங்கள் சுமையைத் தாங்களே சுமந்துகொண்டு. உங்கள் ஊர்ப் பள்ளியில் இது நடந்தால் அங்கே போய்க் கேளுங்கள், பெரும்பாலும் பெரியவர்கள் பற்றாக்குறைதான் அவர்களுடைய முதல் கவலை. கல்லூரி என்.எஸ்.எஸ்., இயற்கைக் கழகங்கள், மலையேற்றக் குழுக்கள் எல்லாம் அடுத்த வாசல்கள்.

சேர்வதற்கு முன் அவர்களிடம் கூச்சப்படாமல் சில கேள்விகள் கேட்டுவிடுங்கள். வனத்துறை அனுமதியை யார் வாங்குகிறார்கள், காப்பீடு இருக்கிறதா, எத்தனை மாணவருக்கு எத்தனை பெரியவர், பெண் பிள்ளைகள் வந்தால் பெண் தன்னார்வலர் உண்டா, அவசரம் என்றால் கீழே இருந்து வண்டி அனுப்புவது யார். நான் ஆறு மாணவருக்கு ஒரு பெரியவர் என்ற கணக்குக்குக் கீழே போவதில்லை. குழு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இரண்டு பெரியவர் வேண்டும், ஏனென்றால் ஒருவர் காயம்பட்ட மாணவரோடு உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களோடு இருக்க இன்னொருவர் தேவை. இந்தக் கேள்விகளுக்கு "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் அந்தப் பயணத்துக்குப் போகாதீர்கள்.

அனுமதி விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் வயதுக்காரர்கள். காய்ந்த புல் நிற்கிற சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு எந்த மனிதனாலும் ஓட முடியாது. அதன்பிறகு அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 தடங்களோடு தொடங்கியது. குரங்கணி–டாப் ஸ்டேஷன், கோத்தகிரியின் லாங்வுட் சோலை, ஊட்டியின் கெய்ர்ன் ஹில் எல்லாம் அதில் இருக்கின்றன. பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள், பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். முதல்முறை மாணவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. பிப்ரவரி பாதியிலிருந்து தீக்காலம் என்று தடங்களை மூடிவிடுவார்கள், அந்த நேரத்தில் "எனக்கு ரேஞ்சரைத் தெரியும், பின்வழியா போயிரலாம்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். காட்டுக்குள் இரவு தங்குவதும் அனுமதித்த இடத்தில் மட்டும்தான். எங்கள் பயணங்களில் இரவுத் தங்கல் பெரும்பாலும் அனுமதி வாங்கிய பட்டா நிலத்திலோ ஊர்ப் பக்கத்திலோதான் இருக்கும். வேன் ஏற்பாடு செய்கிறவரிடம் இ-பாஸ் பற்றியும் நினைவூட்டுங்கள், 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் அது கட்டாயம்.

உங்கள் தயாரிப்பு

உடம்பு வலு அவசியம்தான், ஆனால் வேகமாக ஏறுகிற ஆள்தான் நல்ல தன்னார்வலர் என்பது தவறான எண்ணம். கூட்டத்திலேயே மெதுவாக நடக்கும் பிள்ளையோடு ஆறு மணி நேரம் பொறுமையாக நடந்து, சாயங்காலம் வந்து கூடாரம் அடிக்கவும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். பத்து கிலோ பையோடு வாரம் இரண்டு நாள் படி ஏறி இறங்குங்கள். இறங்குவதை விட்டுவிடாதீர்கள், முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான்.

முதலுதவி கட்டாயம். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. அதோடு மலை, காடு மாதிரி ஆம்புலன்ஸ் வர முடியாத இடங்களுக்கென்று தனி முதலுதவிப் பயிற்சியும் உண்டு, முடிந்தால் அதைச் செய்யுங்கள். நகரத்தில் பத்து நிமிடம் சமாளித்தால் போதும், காட்டில் ஐந்து மணி நேரம் நீங்கள்தான் மருத்துவமனை. இமயமலைப் பக்கம் மாணவர்களோடு போக ஆசையிருந்தால் டார்ஜிலிங்கில் உள்ள எச்.எம்.ஐ. என்ற இமாலய மலையேற்ற நிறுவனம் (டென்சிங் எவரெஸ்ட் ஏறிய மறு வருடம், 1954-ல் தொடங்கியது) அல்லது 1965-லிருந்து உத்தரகாசியில் இருக்கும் நேரு மலையேற்ற நிறுவனம் நடத்தும் அடிப்படைப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். கிட்டத்தட்ட நான்கு வாரம் ஆகும். யூத் ஹாஸ்டல்ஸ் சங்கத்தின் மலையேற்ற முகாம்களில் முகாம் தலைவர்களாகத் தன்னார்வலர்களை எடுப்பார்கள், அதுவும் நல்ல வழி.

அப்புறம், போகிற தடத்தை முன்கூட்டியே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். மாணவர்கள் இல்லாமல், உள்ளூர் வழிகாட்டியோடு. எங்கே தண்ணீர், எங்கே செல்போன் சிக்னல், எந்த ஓடை மழை பெய்தால் கடக்க முடியாது, எந்தெந்த இடத்திலிருந்து தார்ச்சாலைக்கு வெளியேறலாம் என்பதை நோட்டில் குறியுங்கள். பிள்ளைகள் தப்பான வழியில் போகும்போது நான் அமைதியாக நடக்க முடிந்ததற்குக் காரணம் அந்தத் தப்பான வழி எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். உங்களுக்கே தெரியாத தடத்தில் மாணவர்களுக்கு முடிவெடுக்கும் உரிமை கொடுக்கவே முடியாது.

போகிற வழியில் ஊர் இருந்தால் அந்த ஊரின் வழக்கத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொடைக்கானலுக்குக் கீழே வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, திரும்பிய பக்கமெல்லாம் கோயில். பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். இதை முந்தின நாளே தலைவரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள், அவர் குழுவுக்குச் சொல்லட்டும்.

படிவங்களும் பெற்றோரும்

பெற்றோர் கையெழுத்தோடு ஒரு படிவம் ஒவ்வொரு மாணவருக்கும் வேண்டும். இரத்த வகை, ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, சாப்பிடும் மாத்திரைகள், முன்பு ஏதாவது எலும்பு முறிவு. படிவத்தில் எழுதாததைப் பிள்ளைகள் தனியாகக் கேட்டால் சொல்வார்கள், "வீட்ல சொன்னா அனுப்ப மாட்டாங்கன்னு எழுதலக்கா" என்பார்கள். அதனால் ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிடம் தனித்தனியாகப் பேசுங்கள், மற்றவர்கள் கண்ணில் படும் இடத்தில், காதில் விழாத தூரத்தில். ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலர் ஒன்று அவரிடமும் இன்னொன்று உங்களிடமும் இருக்கட்டும்.

18 வயதுக்குக் கீழே இருப்பவர்களோடு போகும்போது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஒரு குழந்தைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்தது தெரிந்தால் புகார் கொடுப்பது சட்டப்படி கடமை, அமைப்பின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிவைக்க யாருக்கும் உரிமை இல்லை. நடைமுறையில் நாங்கள் கடைப்பிடிப்பது எளிது. எந்தப் பெரியவரும் எந்த மாணவரோடும் தனியாகக் கண்மறைவில் இருக்கக் கூடாது, மாணவர்களின் கூடாரத்துக்குள் பெரியவர்கள் படுக்கக் கூடாது, தனிப்பட்ட முறையில் இரவு நேரக் குறுஞ்செய்திகள் கூடாது. இதை முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சொல்லுங்கள். பிள்ளைகள் சங்கடப்படுவதில்லை, உண்மையில் நிம்மதியாகிறார்கள்.

மாதவிடாய் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. நாப்கின்கள் பொதுப்பையில் இருக்கும், கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம், பயன்படுத்தியதைப் போட இந்த நிறப் பை, அது நம்மோடு கீழே வரும் என்று பெண் தன்னார்வலர் சொல்லட்டும். ஆண் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

முந்தின நாள் மாலை பையைத் திறந்து பாருங்கள்

இதைத் தவறவிட்டு நான் பட்டது போதும். ஒரு டிசம்பரில், மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்த மழை விடவேயில்லை. குழுவில் ஒரு பையன் காலையிலிருந்து எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டு வந்தவன், நாலு மணிவாக்கில் பேச்சை நிறுத்திவிட்டான். களைப்பு என்று நினைத்தேன். அவன் குறை சொல்லவே இல்லை, அதனால்தான் தாமதமாகப் பார்த்தேன். தண்ணீர் குடிக்கலாம் என்று நின்றபோது பாட்டில் மூடியைத் திருக அவனால் முடியவில்லை. விரல்கள் மூடியைச் சுற்றி இருக்கின்றன, ஆனால் இறுக்கவில்லை, வழுக்கிக்கொண்டே இருக்கின்றன. அவன் அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். தொட்டுப் பார்த்தால் ரெயின்கோட்டுக்குள் பருத்திச் சட்டை, கீழே ஜீன்ஸ், இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

அங்கேயே நின்று, காற்றுப்படாத பாறை மறைவில் கூடாரத்துணியை மேலே பிடித்து, அவன் ஈரத்துணியைக் கழற்றி, மற்றவர்களின் காய்ந்த துணியைப் போட்டு, ஸ்லீப்பிங் பேக்கில் நுழைத்து, பிளாஸ்கில் இருந்த சர்க்கரைத் தண்ணீரைச் சூடாகக் கொடுத்தோம். விழுங்கத் தெரியும் நிலையில் இருந்ததால்தான் கொடுத்தோம், மயக்கத்தில் இருப்பவருக்கு வாய்வழியே எதுவும் தரக் கூடாது. முக்கால் மணி நேரத்தில் நடுங்க ஆரம்பித்தான். உடம்பு ரொம்பக் குளிர்ந்துவிட்டால் நடுக்கமே நின்றுவிடும், அது திரும்பி வந்தது நல்ல அறிகுறி. அன்றைய திட்டத்தை விட்டுவிட்டு அடுத்த வெளியேறும் வழியில் சாலைக்கு இறங்கினோம். முந்தின மாலை அவன் பையை நான் திறந்து பார்த்திருந்தால் ஜீன்ஸ் வேனிலேயே இருந்திருக்கும்.

நம் ஊர் மலையில் குளிரால் என்ன ஆகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். பெரியகுளத்தில் 30 டிகிரி என்றால் 2,000 மீட்டர் உயரத்தில் பதினெட்டுக்குப் பக்கம்தான், அதன்மேல் மழையும் காற்றும். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே சீக்கிரம் காயும் விளையாட்டுச் சட்டை, ஒரு கம்பளி அல்லது ஃப்ளீஸ், பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டிய ஒரு செட் காய்ந்த துணி, அதை எது நடந்தாலும் படுக்கும்போது மட்டும்தான் போட வேண்டும். முணுமுணுப்பாகப் பேசுவது, தடுமாறி நடப்பது, கை வேலை செய்யாதது, காரணமில்லாத எரிச்சல் என்று எதைப் பார்த்தாலும் குளிரை முதலில் சந்தேகியுங்கள்.

பையின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், 50 கிலோ மாணவருக்கு 10 கிலோ. பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. கனமானவை முதுகை ஒட்டி நடுவில், மழைக்கோட்டும் தின்பண்டமும் மேலே. ஒவ்வொருவரிடமும் விசில், ஹெட்லைட், இரண்டு லிட்டர் தண்ணீருக்கான பாட்டில். மலைக்குப் போய்ப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாரும் வர வேண்டாம், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அதற்குத் தடை இருக்கிறது. புது ஷூ வேண்டவே வேண்டாம். பழகிய பழைய ஷூ போதும், குதிகால் சூடாகிற மாதிரி தெரிந்த அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டச் சொல்லுங்கள், கொப்புளம் வந்தபிறகு ஒட்டிப் பெரிய பலன் இல்லை.

நேரக் கணக்கு

1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் சேர்க்க வேண்டும். 9 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி 18 நிமிடம். சுமையோடு முதல்முறை வரும் மாணவர்களுக்கு அதில் பாதியைக் கூட்டுங்கள், 5 மணி நேரம். சாப்பாடு, வழி தவறுவது எல்லாம் சேர்த்து 6 மணி நேரம். இந்தக் கணக்கை நீங்கள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாணவர்களிடம் முந்தின இரவு வரைபடத்தைக் கொடுத்து அவர்களையே போடச் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் என்று நம்பிக்கையோடு சொல்வார்கள். சரி என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் இரவு அவர்களே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் உறுதியாக வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான், மாலை 4 மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் சோலைக்குள் ஐந்தரைக்கே இருட்டிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மழை, அப்போது மேட்டுப் புல்வெளியில் நிற்கக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் உடனே முகட்டை விட்டு இறங்க வேண்டும், தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

நடக்கும்போது

காலையில் அன்றைய தலைவரிடம் பொறுப்பை எல்லார் முன்னாலும் ஒப்படையுங்கள். அவர் முன்னால் போகிறவர், கடைசி ஆள், நேரம் பார்க்கிறவர், முதலுதவிப் பை வைத்திருப்பவர் என்று பிரித்துக் கொடுப்பார். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். நின்று கிளம்பும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று அவரவர் எண்ணைக் கத்த வேண்டும். பன்னிரண்டு வரை வந்தால்தான் நடை தொடரும். முதல் நாள் சிரிப்பார்கள், மூடுபனி இறங்கியதும் தாங்களாகவே சத்தமாகச் சொல்வார்கள்.

மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விட்டால் அவருக்கு ஓய்வே கிடைக்காது. முன்னால் போனவர்கள் உட்கார்ந்து பத்து நிமிடம் கதை பேசியிருப்பார்கள், இவர் மூச்சிரைத்து வந்து சேரும் நேரத்தில் எழுந்துவிடுவார்கள். ஓய்வு நேரம் கடைசி ஆள் உட்கார்ந்தபின்தான் தொடங்கும் என்ற ஒரு விதி போதும். மெதுவானவரைத் தலைவருக்கு அடுத்து இரண்டாவது இடத்தில் நடக்கவைத்தால் இன்னும் நல்லது. ஆனால் இதையும் நீங்களே ஏற்பாடு செய்யாதீர்கள். "கடைசில வர்றவங்களுக்கு இன்னிக்கு எவ்வளவு நேரம் ரெஸ்ட் கிடைச்சுச்சு?" என்று தலைவர் காதில் ஒரு கேள்வி போடுங்கள். பெரும்பாலும் அது போதும்.

எப்போது வாயைத் திறப்பது என்பதுதான் எல்லாரும் கேட்கிறது. நான் மனசுக்குள் இரண்டு விஷயம் பார்க்கிறேன். இந்தத் தவறால் யாருக்காவது அடிபடுமா, இருக்கிற வெளிச்சத்துக்குள் இதைத் திருத்திக்கொள்ள முடியுமா. அடிபடாது, திருத்தலாம் என்றால் அமைதி. உப்புமாவில் உப்பு மறந்தால் அமைதி. கூடாரத்தைச் சரிவில் அடித்தால், இரவெல்லாம் உருண்டு விழுந்து காலையில் அவர்களே சொல்லட்டும், அமைதி. அதே கூடாரத்தை ஓடைப் படுகையில் அடித்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள், மேலே எங்கோ பெய்யும் மழை இரவில் ஓடையாக வரும். பாறை விளிம்பு, நிரம்பி ஓடும் தண்ணீர், மின்னல், தீ, விலங்கு, ஒருவரை ஒருவர் இழிவாகப் பேசுவது, இவற்றில் மாணவர் முடிவு என்ற பேச்சே இல்லை. கடைசியாகச் சொன்னதை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். சாதியையோ உடம்பையோ இங்கிலீஷ் தெரியாததையோ வைத்து ஒரு பிள்ளையை மட்டம் தட்டுவது அங்கேயே நிற்க வேண்டும்.

நிறுத்தும்போது கத்த வேண்டாம். "இப்ப நான் பொறுப்பு எடுத்துக்கறேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள், ஆபத்து தீர்ந்ததும் "இனி நீ பாத்துக்கோ" என்று அதே தெளிவோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தலைமை யாரிடம் என்று தெரியாமல் இருக்கும் ஐந்து நிமிடம்தான் மலையில் ரொம்ப ஆபத்தானது.

விலங்குகள் விஷயத்தில் உள்ளூர் வழிகாட்டி சொல்வதுதான் கடைசி வார்த்தை, உங்களுக்கும் சேர்த்து. அவர் நில் என்றால் நிற்க வேண்டும், திரும்பு என்றால் ஏன் என்று கீழே வந்து கேட்டுக்கொள்ளலாம். காட்டுமாடு அமைதியாக மேய்கிற மாதிரி இருக்கும், பக்கத்தில் போய்ப் படம் எடுக்கத் தோன்றும், வேண்டாம். அட்டைக்கு உப்பு மூட்டையும் நீளமான சாக்ஸும் போதும், அட்டையைப் பார்த்து யாரும் ஓடாமல் இருந்தால் சரி. பாம்பு கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்டை வைத்துத் தாங்கலாகக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, 108-க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மருத்துவமனை எது என்று தடத்தைப் பார்க்கப் போனபோதே விசாரித்து வைத்திருக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

கழிப்பறைக்குத் தண்ணீரிலிருந்து 60 மீட்டருக்கு மேல் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாமல் குழி. முதல் நாள் பகலிலேயே குழி தோண்டிக் காட்டிவிடுங்கள், கூச்சத்தில் அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பிள்ளைகள் நிறைய.

இமயமலை என்றால் உயரம் சேர்கிறது. நம் பக்கத்தில் ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அங்கே 3,000 மீட்டருக்கு மேல் போனால் ஒரு இரவிலிருந்து அடுத்த இரவுக்குப் படுக்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. தலைவலியும் வாந்தியும் வந்தால் மேலே ஏறுவது நிறுத்தம், சரியாகாமல் கூடினால் இறக்கம், அது நள்ளிரவாக இருந்தாலும்.

இரவு வட்டம்

சாப்பாடு முடிந்ததும் வட்டமாக உட்கார்வதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள், எல்லாரும் அசந்துபோயிருந்தாலும் இருபது நிமிடம். நாள் முழுக்க நடந்தது அங்கேதான் பாடமாகிறது. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "சூப்பர்ணா" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. "இன்னிக்கு எந்த இடத்துல நீ முடிவு எடுத்தே? அப்ப உனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது?" என்று கேளுங்கள். தலைவர் முதலில் பேசட்டும், அடுத்து குழு, கடைசியில்தான் நீங்கள். நீங்களும் ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள், நடந்த இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு. 'நல்ல தலைவர்' என்று பொதுவாகப் பாராட்டுவதைவிட, "ரெண்டாவது ஓடையில நீ இறங்கறதுக்கு முன்னால குச்சி வச்சு ஆழம் பாத்தே" என்பது அந்தப் பிள்ளைக்கு ரொம்ப நாள் நினைவிருக்கும்.

அன்று வழி தவறிய இரவு, வட்டத்தில் ஒரு பையன், "நான் பிரிவுலயே இடது பக்கம்னு நினைச்சேன், ஆனா சொல்லல" என்றான். ஏன் என்று கேட்டது நானில்லை, அந்த மாணவிதான். "நீ வேகமா போயிட்டிருந்தியே" என்றான். அவள் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் ஒவ்வொரு பிரிவிலும் நின்று திரும்பி, "யாருக்காவது வேற மாதிரி தோணுதா?" என்று கேட்டாள். இதை நான் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒரு அறிவுரையாகக் காற்றில் போயிருக்கும்.

இறங்கியபின்

வேனில் ஏறியதும் எண்ணிக்கை, பெற்றோருக்குத் தகவல். சின்னக் காயம் என்றாலும் வீட்டில் நீங்களே சொல்லிவிடுங்கள், பிள்ளை சொல்லித் தெரிய வேண்டாம். அன்றிரவே, மறந்துபோவதற்குள், தப்பித்துவிட்டோம் என்று நினைத்த சம்பவங்களை எழுதி அமைப்பிடம் கொடுங்கள். யாருக்கும் அடிபடவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள், அந்த ஜீன்ஸ் பையனைப் பற்றி எழுதிய ஒரு பக்கத்தால்தான் இப்போது எங்கள் குழுவில் பை சோதனை கட்டாயமானது. வழிகாட்டி அண்ணனுக்குப் பேசிய பணத்தைக் கையோடு கொடுத்துவிட்டு, அடுத்த முறை என்ன மாற்ற வேண்டும் என்று அவரிடமும் கேளுங்கள்.

கூடாரத்தை வீட்டுக்குப் போன அன்றே மொட்டைமாடியில் விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து நாறும், தையல் ஓரத்து ஒட்டு கழன்று வரும், அடுத்த மாதம் வருகிற குழு அதற்குள்தான் படுக்க வேண்டும்.